மஞ்சள் குடைக்கு மேலே

சுற்றுலா பஸ் அவர்களைக் கடைசியாக இறக்கிவிட்டுப் போய்விட்டது. கூட்டம் கலையவில்லை. பேருந்து நிலையத்தின் நடுவில், பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, கைடு பெண்ணின் மஞ்சள் குடையைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டிருந்தது. இனிமேல் தலையை எண்ணவும் வேண்டாம், தொலைந்துபோனவர்களைத் தேடவும் வேண்டாம். ஆனால் பழக்கம் விடுமா? குடை உயர்ந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் குடையைப் பார்க்க வேண்டும், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது முதல் நாள் போட்ட சட்டம். சந்தை நெரிசலிலும் படகுத்துறையிலும் அந்தச் சட்டம்தான் அவர்களைக் காப்பாற்றியது. வாயில் வைத்த ரொட்டியை மெல்லக்கூட மறந்து குடையைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு எல்லோரும் தேறியிருந்தார்கள்.

எல்லார் முகத்திலும் சிரிப்பு இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அசடு வழிந்தது. காரணம், அவர்கள் வந்தது மலை பார்க்க. அந்த நாட்டிலேயே பெரிய மலை; விளம்பரத்தில் பக்கம் முழுக்க அதன் படம்தான். ஏரி பார்த்தாயிற்று, அருவி பார்த்தாயிற்று, கம்பளி நெய்யும் கூடத்தில் தும்மித் தீர்த்தாயிற்று. மலையை மட்டும் பார்க்கவில்லை. போன இடமெல்லாம் மேகம். காட்சி மேடை என்று பெயர் வைத்த இடத்தில் ஓர் அம்புக்குறிப் பலகை மட்டும் நின்றது. அம்பு காட்டிய பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளையாக இருந்தது. டீக்கடைக்காரரைக் கேட்டால், "மேகம் இருக்குங்க" என்றார். அது எங்களுக்கே தெரியாதா என்று எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே டீயைக் குடித்தார்கள்.

கைடு பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் கடற்கரைச் சுற்றுலாக்களுக்குப் போகிறவள். இந்தப் பாதைக்கு வழக்கமாக வருகிறவர் கால் முறிந்து படுத்துவிட்டதால், இவள் கையில் குடையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "கடல்னா அலையப் பார்த்தே நேரம் சொல்லுவேன். மலை எனக்கும் புதுசுதாங்க" என்று முதல் நாளே ஒப்புக்கொண்டாள்.

ஆகவே மலை விஷயத்தில் அந்த பஸ்ஸுக்கே அதிகாரி யாரென்றால், டப்பாக்காதான்.

அவள் பிஸ்கட் டப்பா செய்யும் தொழிற்சாலையில் மூடி பார்க்கிறவள். அந்த மூடியில் இருப்பது இதே மலை. கீழே ஏரி, கரையில் மரங்கள், மரங்களுக்கு மேலே வெள்ளைச் சிகரம், அதற்கு மேலே நீல வானம். தகட்டில் ஒவ்வொரு வண்ணமாக ஏறும். நீலம் ஒரு நூல் தள்ளி விழுந்து வெள்ளையின் விளிம்பைத் தொட்டாலும் மூடி கழிசல்தான். அதற்கு அங்கே ஒரு பேச்சு உண்டு, "மலை நகர்ந்துடுச்சு" என்பார்கள். மலை நகர்ந்த மூடிகளைக் கழிசல் தொட்டியில் போடுவது டப்பாக்காவின் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்பு தொடங்கி, மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அதைத்தான் செய்கிறாள். "என் மூஞ்சியப் பார்த்ததைவிட நீ அந்த மலையப் பார்த்ததுதான் அதிகம்" என்று புருஷன் அங்கலாய்ப்பார். நிஜ மலையைப் பார்க்கலாம் வா என்றால், பஸ் வாடை பட்டாலே குமட்டும் ஆசாமி, "நீயே பார்த்துட்டு வா, நகர்ந்திருந்தா எடுத்துத் தொட்டியில போட்டுடு" என்று அனுப்பிவைத்தார்.

இந்தக் கதையை முதல் நாள் பஸ்ஸில் சொன்னதிலிருந்து அவள் பெயர் டப்பாக்கா ஆகிவிட்டது. மலை எங்கே தெரியும் என்று யார் கேட்டாலும் அவள் கையை நீட்டிக் காட்டுவாள். "மரத்துக்கு மேல ஒரு சாண். இடது தோள்ல நகத்தக் கடிச்ச மாதிரி சின்னப் பள்ளம் இருக்கும். அதுதான் அடையாளம்." படித்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் மரத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இஸ்திரி அக்கா மட்டும் வெறிக்கவில்லை. சலவைக்கடை நடத்துகிற அவள் டப்பாக்காவைவிட மூத்தவள், அகலமானவள், வாய்த்துடுக்கானவள். தனியாக வந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான் என்பதால் ஒரே அறையில் போட்டுவிட்டார்கள். ஏழாம் பொருத்தம். ஒருத்திக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்னொருத்திக்குச் சாத்தியிருக்க வேண்டும். குறட்டை வேறு. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் டப்பாக்காவின் துணியெல்லாம் பெட்டியில் ஓரம் ஓரமாக மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கும். "கசங்கின துணி பக்கத்துல இருந்தா எனக்குத் தூக்கம் வராது. உனக்காகப் பண்ணலை" என்று இஸ்திரி அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"மலையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. கம்பெனிக்காரன் காது குத்தறான்" என்பதுதான் பஸ்ஸில் அவள் பாட்டு. அதை நம்பி எல்லாரும் சிரித்தார்கள். அறைக்குள் அவள் சொன்னது வேறு. ஒரு நாள் சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ஊருக்குப் போனதும் இந்த ரெண்டு முட்டியிலயும் கத்தி வைக்கப்போறாங்க. அப்புறம் இந்த மாதிரி ரோட்டுல பஸ் ஏறக் கூடாதாம். இதுதான் கடைசி. பொறந்ததுலேருந்து ஊர்க்காரன் அழுக்கையே பார்த்தாச்சு டப்பா. என்னைவிடப் பெருசா ஒண்ணு, ஒரே ஒரு தடவை பார்த்துட்டா போதும்." பிறகு தன் அகலத்தைத் தானே பார்த்து, "என்னைவிடப் பெருசுன்னா மலைதானே வேணும்" என்று சிரித்தாள்.

டப்பாக்கா சிரிக்கவில்லை. "நான் காட்டறேன்க்கா. எனக்குத் தெரியாத மலையா" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாக்குதான் இப்போது பேருந்து நிலையத்தில் அவளைக் குத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கழுத்தில் கேமராவோடு திரிந்த ஓய்வுபெற்ற தபால்காரர் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "மேகத்தை மட்டும் விதவிதமா எடுத்து வச்சிருக்கேன். இப்படி ஒரு மேகத்த யாரும் எடுத்திருக்க முடியாது" என்றார். புதுமணத் தம்பதி டப்பாக்காவிடம் வந்து, "அடுத்த தடவை குழந்தையோட வந்து பார்த்துக்கறோம்க்கா" என்றார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, அந்தப் பெண் வெட்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர்களுக்கு அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறது. டப்பாக்கா இஸ்திரி அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்கள் வந்து போயின. அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த பஸ்ஸும் நேராக வெளியே போகாது. நடுவில் இருக்கும் வட்டமான பூந்தொட்டியை அரைச்சுற்று சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாசலுக்குப் போகும். போனவர்களுக்கெல்லாம் கையாட்டி ஆட்டி டப்பாக்காவுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. முதலில் முகம் தெரியும், பிறகு முதுகுதான் தெரியும்.

கடைசியில் இஸ்திரி அக்காவின் பஸ்ஸும் வந்து நின்றது. டப்பாக்காவின் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதுவரை துணைக்கு இருப்பதாகக் கைடு பெண் சொல்லியிருந்தாள்.

"சரி, போறேன்" என்றாள் இஸ்திரி அக்கா.

"போறேன்னு சொல்லாதீங்கக்கா. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"எங்க வரப்போறேன்? முட்டியக் கேட்டியா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தூசி" என்றாள்.

"உங்களுக்குக் காட்டறேன்னு சொன்னேன்."

"விடு. மேகத்துக்கு நீ என்ன பண்ணுவ. ஊருக்குப் போனதும் ஒரு டப்பா அனுப்பு. மூடியப் பார்த்துக்கறேன். நல்ல மூடியா அனுப்பு, மலை நகர்ந்தத அனுப்பிடாத."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். டப்பாக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. இஸ்திரி அக்காவின் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டு, கீழே வந்து ஜன்னலுக்கு அடியில் நின்றாள். இஸ்திரி அக்கா உட்கார்ந்ததும் உட்காராததுமாகத் தலையை வெளியே நீட்டி அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். "டப்பா, என் பெட்டிய மேல ஏத்திட்டாங்க. போனும் அதுக்குள்ளதான் கிடக்கு. கிளீனர் சரியாக் கட்டறாரான்னு பாரு. உன் கண்ணுக்குத் தப்பாது."

டப்பாக்கா அண்ணாந்து பார்த்தாள். பஸ்ஸின் கூரையில் கிளீனர் குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். பெட்டி சரியாகத்தான் இருந்தது. அவர் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அவர் தலைக்குப் பின்னால் ஊரின் கூரைகள், அதற்கு மேலே மரங்கள், அதற்கு மேலே அந்தப் பாழாய்ப்போன மேகம். கிளீனர் ஏணியை நோக்கி நகர்ந்தார். அவரைத் தொடர்ந்து டப்பாக்காவின் கண்ணும் இன்னும் கொஞ்சம் மேலே போனது.

மேகத்துக்கு மேலே நீலம் இருந்தது. அந்த நீலத்தில் ஒரு விளிம்பு இருந்தது.

மேகமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். மேகத்துக்கு விளிம்பு கிடையாதே. மேகம் நீலத்தோடு பஞ்சுபோலக் கலந்து கரையும். இது கலக்கவில்லை. வெள்ளை இங்கே முடிகிறது, நீலம் இங்கே தொடங்குகிறது என்று ஒரு நூல்கூடத் தள்ளாமல் நின்றது. அவள் கண் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கமாக இறங்கியது. தோள் வந்தது. தோளில் ஒரு பள்ளம், கடித்த நகம்போல.

அவள் கழுத்து பின்னால் வளைந்து வளைந்து கொண்டை முதுகில் முட்டியது. அப்படியும் மலை முடியவில்லை. பறவைகள் பறக்கிற இடத்துக்கு மேலே, சூரியன் நிற்க வேண்டிய இடத்தில், அது நின்றது. ஊரும் மரங்களும், பெரிது பெரிது என்று அவர்கள் படம் எடுத்துத் தள்ளிய மற்ற மலைகளும், அத்தனை நாளும் அவர்கள் திட்டித் தீர்த்த மேகமும், எல்லாமே அதன் காலடியில் கிடந்தன. கட்டைவிரலால் மூடிவிடக்கூடிய மலையை ஆயுள் முழுக்கப் பார்த்தவள் அவள். இதை மூட அவளிடம் எதுவும் இல்லை. பயமாக இருந்தது. அழுகை வந்தது. இவ்வளவு பெரிய ஒன்று சத்தமே போடாமல் எப்படி நிற்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அதைப் பார்க்கத் தனக்கு என்ன தகுதி என்று தோன்றி, கைகூப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது.

அதற்கப்புறம்தான் அடுத்தது உறைத்தது. மரத்துக்கு மேல் ஒரு சாண். அவள்தானே சொன்னாள். மூடியில் ஏரியும் மரமும் மலையும் ஒரு சாணுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக வரைந்தவன் குறுக்கி வைத்ததை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, ஒரு பஸ் நிறைய ஆட்களை மலையின் முழங்காலிலேயே தேட வைத்திருக்கிறாள். எத்தனை நாள் இப்படி மேகத்துக்கு மேலே நின்றதோ. தபால்காரர் இந்நேரம் எந்த வளைவில் போகிறாரோ.

பஸ் உறுமியது.

"அக்கா, மலை" என்று கத்தினாள். இஞ்சின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மலை பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இஸ்திரி அக்கா இந்தப் பக்கம் உட்கார்ந்து, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டப்பாக்காவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். டப்பாக்கா கையை மேலே மேலே காட்டினாள். விடைகொடுக்கிற கை என்று நினைத்து அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்தத் தடவை தூசி என்று சொல்லவில்லை.

பஸ் பின்னால் நகர்ந்து, வட்டத்தை நோக்கி மூக்கைத் திருப்பியது. டப்பாக்காவுக்கு ஒரு கணம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையிலிருந்து பார்த்த வழக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அரைச்சுற்று. சுற்றி முடிந்ததும் அந்த ஜன்னல் நேராக மலையைப் பார்க்கும். ஆனால் இஸ்திரி அக்கா மலையைப் பார்க்க மாட்டாள். குனிந்து டப்பாக்காவைத் தேடுவாள்.

கைடு பெண்ணின் கையிலிருந்த குடையைப் பிடுங்கிக்கொண்டு டப்பாக்கா ஓடினாள்.

"அம்மா, எங்க போறீங்க?" என்ற சத்தம் பின்னால் கேட்டது. சுற்றுலா முழுக்கக் கடைசி ஆளாக வந்து எல்லாரிடமும் பேச்சு வாங்கியவள் அவள்தான். அந்த டப்பாக்கா ஒரு பஸ்ஸுக்குக் குறுக்கே போய், இன்னொரு பஸ்ஸின் டிரைவரிடம் திட்டு வாங்கி, தேங்கிய தண்ணீரில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, வட்டத்தின் அந்தப் பக்கம் போய், அங்கிருந்த ஒரு சிமெண்டுத் திட்டின் மேல் ஏறி நின்றாள். பஸ் வட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் அந்தத் தலை அவளைக் காணாமல் இங்கும் அங்கும் திரும்பியது. டப்பாக்கா குடையை விரித்து உயர்த்தினாள்.

பழக்கம் என்பது லேசான விஷயமா? மஞ்சளைக் கண்டதும் இஸ்திரி அக்காவின் அழுகை அப்படியே நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்து, இறங்கச் சொன்னால் இறங்கிவிடுகிறவள்போலக் குடையையே பார்த்தாள். டப்பாக்கா குடையைப் பின்பக்கமாக மேலே சாய்த்தாள். இஸ்திரி அக்காவின் கண்ணும் சாய்ந்தது. மரத்துக்கு மேல் ஒரு சாண். அங்கே மேகம்தான். இஸ்திரி அக்கா உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள்.

டப்பாக்கா குடையைச் சுருக்கி, அதன் முனையை வானத்தில் குத்தினாள். குதித்துக் குத்தினாள். அந்த வயதில் அந்தத் திட்டின் மேல் அவள் குதித்ததைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். "மேலக்கா, இன்னும் மேல, கழுத்த ஒடிச்சுப் பாருங்க" என்று கத்தினாள்.

இஸ்திரி அக்காவின் முகவாய் உயர்ந்தது. குடை முனை காட்டிய வழியே கண் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே அவள் தலை வந்தது, தோளும் வந்தது.

மலை இப்போது டப்பாக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, மனமும் இல்லை. அவள் எதிரில் இருந்த அந்தப் பெரிய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் வாய் பிளந்தது. புருவம் ஏறியது, நெற்றியின் சுருக்கமெல்லாம் அவளே இஸ்திரி போட்டதுபோல நீங்கியது. அந்த முகம் சின்னதாகிக்கொண்டே போய், எதையும் அதுவரை பார்த்திராத ஒரு குழந்தையின் முகமாக ஆயிற்று. ஆட்டிக்கொண்டிருந்த கை ஆட்டத்தை மறந்து, விரித்தது விரித்தபடி வெளியே நின்றது.

பஸ் வாசலைத் தாண்டிப் போயிற்று. இஸ்திரி அக்கா டப்பாக்காவை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கை மட்டும் அசையாமல், ஜன்னலுக்கு வெளியே, தெரு திரும்பும்வரை தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக யாரும் டப்பாக்காவை மறந்ததில்லை.

கைடு பெண் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். தண்ணீர் சொட்டும் செருப்பு கையில் இருந்தது.

"என்னம்மா ஆச்சு? எதையாவது விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

டப்பாக்கா திரும்பி நின்றாள். மலை நகராமல் அங்கேயே இருந்தது. குடையின் முனையால் காட்டினாள். கைடு பெண் பார்த்தாள். மரத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"எங்கம்மா? மேகம்தானே இருக்கு."

"இன்னும் மேல."

"இங்கயா?"

"நான் சொன்னத மறந்துடு பாப்பா. இன்னும் மேல."

கைடு பெண்ணின் கழுத்து பின்னால் வளைந்தது. செருப்பு நழுவி டப்பாக்காவின் காலடியில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.